ஆடிப்பட்டம் இங்கே எடுபடாது: டர்பனில் விவசாய அறிவியல் போட்டிக்குப் பிள்ளையைத் தயார்செய்வது

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதைக் கேட்டே வளர்ந்தவன் நான். தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பனுக்கு வந்த முதல் வருஷம் அதே நினைப்பில் ஜூலைக் கடைசியில் வெண்டை விதையை ஊன்றிவிட்டுத் தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். மூன்று வாரம் ஆயிற்று, ஒன்றும் தலைகாட்டவில்லை. பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு அந்தப்புறமிருந்து இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். "தம்பி, இங்க இப்ப குளிரு. செப்டம்பர் வரட்டும்" என்றார். ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரித்தோம். ஏழாம் வகுப்பில் இருந்த மகள் மட்டும் சிரிக்காமல், "மண்ணு எவ்வளவு சூடா இருந்தா வெண்டை முளைக்கும்ப்பா?" என்று கேட்டாள்.

அடுத்த வருஷம் எக்ஸ்போ என்ற பள்ளி அறிவியல் போட்டிக்கு அதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். அதற்கடுத்த வருஷமும் அதே கேள்விதான், கொஞ்சம் புத்தியோடு. அந்த இரண்டு வருஷத்தில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதன்முறையாகப் பிள்ளையை விவசாய ப்ராஜெக்டோடு அனுப்பப்போகிற அப்பா அம்மாக்களுக்கு இது உதவும். பிள்ளைகளே படித்தால் இன்னும் நல்லது.

எந்தப் போட்டி, எந்த மாதம்

தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பெரிய அறிவியல் போட்டி எஸ்காம் எக்ஸ்போ. 1980இலிருந்து நடந்துவருகிறது. முதலில் பள்ளி அளவில், பிறகு வட்டார அளவில், அதில் தேர்வானவர்களுக்கு நாடு தழுவிய இறுதிக் கண்காட்சி. அதிலிருந்து சிலர் அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் என்ற உலகப் போட்டிக்கும் போகிறார்கள். பதக்கம் மதிப்பெண்ணைப் பொறுத்தது. ஒரே பிரிவில் நாலைந்து பேர் தங்கம் வாங்கலாம், ஒருவரும் வாங்காமலும் போகலாம். அதனால் பக்கத்து மேசைப் பிள்ளையைப் போட்டியாக நினைக்க வேண்டியதில்லை.

விவசாயத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, தாவர அறிவியலுக்கும் தனியாக இருக்கிறது. புதிதாக வருபவர்கள் இங்கே குழம்புவார்கள். விளைச்சல், மண், உரம், பாசனம், பூச்சி என்று கேள்வி போனால் விவசாயம். செடிக்குள் என்ன நடக்கிறது என்று போனால் தாவரம். தண்ணீர் சம்பந்தப்பட்டதாக இருந்தால் இளையோர் நீர்ப் பரிசு என்று இன்னொரு போட்டியும் உண்டு. அதில் வெல்பவர்கள் ஸ்டாக்ஹோமில் நடக்கும் இளையோர் நீர்ப் பரிசுக்குப் போவார்கள். 2005இல் அந்த ஸ்டாக்ஹோம் பரிசை வாங்கியவர்கள் தென்னாப்பிரிக்க மாணவர்கள் மூவர். இரவில் மட்டும் தண்ணீர் பாயும்படி வெளிச்சத்தை உணர்ந்து வேலை செய்யும் எளிய பாசனக் கருவி அவர்களுடையது.

வட்டார எக்ஸ்போ பெரும்பாலும் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ வரும். அதாவது இங்குள்ள கோயில்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் அதே ஆடி மாதம். பள்ளிப் போட்டி அதற்கும் முன்னால். பள்ளி சொல்லும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்: போஸ்டருக்கு இரண்டு வாரம், கணக்குக்கு இரண்டு வாரம், சோதனைக்கு ஆறு வாரம், அது கெட்டுப்போய் மறுபடி செய்ய இன்னோர் ஆறு வாரம். கெட்டுப்போகும், நம்புங்கள். அப்படியானால் ஜனவரியில் பள்ளி திறந்ததும் கேள்வியைத் தேட ஆரம்பித்து, மார்ச்சில் விதை போட்டாக வேண்டும்.

மார்ச்சிலிருந்து ஜூன்வரை இங்கே நாள் சுருங்கிக்கொண்டும் குளிர் ஏறிக்கொண்டும் இருக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் என்று போனால் காய் பார்ப்பதற்குள் போட்டி முடிந்துவிடும். வெந்தயம், கொத்தமல்லி, முள்ளங்கி, பட்டாணி பக்கம் போங்கள். வெந்தயம் மூன்று நாளில் முளைவிடும், முள்ளங்கி நாலைந்து வாரத்தில் கிழங்கு காட்டிவிடும். டர்பன் கடற்கரைப் பகுதியில் பனி உறையாது, வெளியிலேயே வைக்கலாம். ஜோகன்னஸ்பர்க்காரர்கள் மே மாதத்திலிருந்து ஜன்னலோரத்துக்கு மாறிவிடுவது நல்லது.

கேள்வியை எங்கே தேடுவது

இதில்தான் பாதி வெற்றி. "உலகப் பசியைத் தீர்ப்பது" என்று தொடங்கும் ப்ராஜெக்ட் பத்தில் ஒன்பது, நடுவர் இரண்டு கேள்வி கேட்டதும் சரிந்துவிடும். சின்னதாக, அளக்கக்கூடியதாக, உங்கள் வீட்டைச் சுற்றி உள்ளதாக ஒரு கேள்வி போதும்.

கியாரா நிர்கின் என்ற ஜோகன்னஸ்பர்க் மாணவி 2016இல் தமது 16 வயதில் கூகுள் அறிவியல் போட்டியின் முதற்பரிசான 50,000 டாலர் உதவித்தொகையை வென்றார். அப்போது நாட்டில் கடும் வறட்சி. மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருளைச் செயற்கை ரசாயனத்துக்குப் பதிலாக ஆரஞ்சுத் தோலிலிருந்தும் அவகாடோத் தோலிலிருந்தும் செய்ய முடியுமா என்று பார்த்தார். குப்பைக்குப் போகிற தோல், கண்முன்னே காய்கிற வயல், இரண்டையும் சேர்த்த ஒரு கேள்வி. பக்கத்து நாடான ஸ்வாசிலாந்தில் (இப்போது எஸ்வாட்டினி) 2012இல் 14 வயதுப் பையன்கள் இருவர், அதே கூகுள் போட்டியோடு சேர்ந்து வழங்கப்பட்ட இன்னொரு பரிசை வாங்கினார்கள். கையில் கிடைத்த கழிவுப் பொருள்களைக் கொண்டு ஏழை விவசாயிக்குக் கட்டுப்படியாகிற மண்ணில்லா வேளாண்மை முறை அது.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகள் எதற்காகக் கொண்டுவரப்பட்டார்களோ அந்தக் கரும்பு இன்றும் டொங்காட், ஸ்டாங்கர் வழியெங்கும் நிற்கிறது. கரும்புச் சக்கையை மண்மேல் மூடாக்காகப் பரப்பிப் போட்டால் தொட்டியில் எவ்வளவு ஈரம் மிஞ்சும்? தொட்டியை நிறுத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். டர்பனின் பெரியா குன்று நெடுக இருக்கிற சிவப்பு மணல் தண்ணீரைப் பிடிக்கவே பிடிக்காது, இங்கே தோட்டம் போட்ட எவரும் அதைத் திட்டாமல் இருந்ததில்லை. அதில் எவ்வளவு மக்கு உரம் கலந்தால் கொத்தமல்லி வாடாமல் நிற்கும்? கோயில்களில் குவிகிற செண்டுமல்லி மாலைகளை மக்கவைத்தால் சாதாரண மக்கு உரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியுமா? செண்டுமல்லியின் வேர் மண்ணிலுள்ள நூற்புழுவை அடக்கும் என்பது தெரிந்த விஷயம், பூவுக்கும் அது பொருந்துமா என்பது நல்ல கேள்வி. முருங்கை இலைச் சாறு தெளித்தால் முள்ளங்கி பருக்குமா? எந்த அளவில் கலந்தால்? ஸூலுக்காரர்கள் அமாடும்பே என்று சொல்லும் நம் சேப்பங்கிழங்கை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது?

கரும்புத் தண்டைத் துளைக்கும் எல்டானா புழுவைப் பற்றிப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். மவுண்ட் எட்ஜ்கோமில் 1925இலிருந்து இயங்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையம் அதோடுதான் மல்லுக்கட்டுகிறது. படிக்க அருமையான விஷயம், வீட்டில் செய்ய வேண்டாம். பூச்சியை வளர்ப்பது தனிக் கலை.

கேள்வி கிடைத்ததும் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டிலோ வார்விக் விடிகாலைச் சந்தையிலோ கீரை விற்கும் வயதானவர் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அவர் "அதெல்லாம் எப்பவோ தெரியும்" என்று ஏதாவது சொல்வார். அந்த வாக்கியம்தான் உங்கள் கருதுகோள். உண்மையா என்று பார்ப்பது ப்ராஜெக்ட்.

படிவம் முதலில், விதை அப்புறம்

திட்ட அறிக்கை, நெறிமுறைப் படிவம், காப்பியடிக்கவில்லை என்ற உறுதிமொழி, இவற்றை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக் கையெழுத்தாகும்வரை விதையைத் தொடாதீர்கள். மனிதர்களிடம் கேள்வி கேட்பதாக இருந்தாலும் (மேலே சொன்ன சந்தைப் பேட்டியை அறிக்கையில் சேர்ப்பதாக இருந்தால் அதுவும்தான்), விலங்கு, நுண்ணுயிர் எதைத் தொட்டாலும் முன்கூட்டியே அனுமதி வேண்டும். பூஞ்சை, பாக்டீரியாவைச் சமையலறையில் வளர்க்கவே கூடாது. சோதனையை முடித்துவிட்டுப் பழைய தேதி போட்டுப் படிவம் நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தேதிகள் நோட்டுப் புத்தகத்தோடு ஒத்துப்போகாமல் மாட்டிக்கொள்வார்கள்.

சோதனையை அமைப்பது

எங்கள் முதல் வருஷக் கதையைச் சொல்கிறேன். மகள் மூன்று தட்டில் வெண்டை விதை போட்டாள். ஒன்று ஃபிரிட்ஜின் தலைமேல், அங்கே எப்போதும் வெதுவெதுப்பு. ஒன்று ஹாலில். ஒன்று வெளி வராந்தாவில். தினமும் இரண்டு வேளை மண்ணில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் மேல் இருந்தது ஐந்தாம் நாளே முளைத்துவிட்டது, ஒரே கும்மாளம். பதினேழாம் நாள் காலையில் வராந்தாத் தட்டு கவிழ்ந்து கிடந்தது, மதில்மேல் நாலு குரங்கு. டர்பனில் குரங்கு இல்லாத தோட்டம் ஏது? கம்பிவலை போட்டிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

குரங்கு பெரிய அடி இல்லை. பள்ளிப் போட்டியில் நடுவராக வந்த ஓர் அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஃபிரிட்ஜ் மேல் இருட்டு, வராந்தாவில் வெளிச்சம். முளைத்தது சூட்டினாலா இருட்டினாலா, எப்படிச் சொல்வாய்?" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். ஆனால் இடத்தை மாற்றினால் வெளிச்சம், காற்று, ஈரம் எல்லாம் கூடவே மாறும் என்பதை அது சொல்லாது. அடுத்த வருஷம் எல்லாத் தட்டையும் கறுப்புத் தாளால் மூடினாள். தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றாமல் மருந்து ஊசிக்குழலால் 20 மி.லி. என்று அளந்து விட்டாள். வராந்தாவுக்குக் கம்பிவலை வந்தது.

எத்தனை விதை? விதைச் சோதனைக்கான சர்வதேச விதிமுறைப்படி ஆய்வுக்கூடங்களில் 400 விதை எடுத்து நூறு நூறாகப் பிரித்து முளைப்புத்திறன் பார்ப்பார்கள். நமக்கு ஒவ்வோர் அமைப்புக்கும் நாலு தட்டு, தட்டுக்கு 25 விதை என்றால் தாராளம். தட்டு எத்தனை என்பதுதான் முக்கியம். ஒரே தொட்டியில் பத்துச் செடி வைத்துவிட்டுப் பத்து முறை செய்ததாகச் சொல்லக் கூடாது. அந்தத் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் பத்தும் ஒன்றாகத்தான் அழுகும். பத்துத் தொட்டியில் ஒவ்வொன்றாக வைத்தால்தான் பத்து.

தொட்டிகளை எங்கே வைப்பது என்பதைக் குலுக்கல் சீட்டில் முடிவு செய்யுங்கள். எண்ணெழுதிய சீட்டைச் சொம்பில் போட்டு, தம்பி தங்கையை எடுக்கச் சொல்லுங்கள். நாமாக வைத்தால் மனசு நம்மையறியாமலே நல்ல தொட்டியை வெயில் பக்கம் வைக்கும். வாரம் ஒருமுறை மறுபடி குலுக்கி இடம் மாற்றலாம். எதுவும் சேர்க்காத தொட்டி, அதாவது ஒப்பீட்டுத் தொட்டி, மற்றவற்றின் எண்ணிக்கையிலேயே இருக்க வேண்டும். முருங்கைச் சாறு தெளிக்கும் நாளில் அதற்கு அதே அளவு வெறும் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

விதை எல்லாம் ஒரே பாக்கெட்டாக இருக்கட்டும், பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் நோட்டில் ஒட்டிவையுங்கள். கடை விதை சிலது இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும், அது பூஞ்சைக்கொல்லி பூசியது. இயற்கை மருந்தைச் சோதிக்கிறேன் என்று அந்த விதையை எடுத்தால் கதை கந்தல். தொட்டால் கை கழுவவும் வேண்டும்.

மண்ணின் நீர்ப்பிடிப்பைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சுலப வழி. வெயிலில் நன்றாகக் காய்ந்த மண் 100 கிராம் நிறுத்து, புனலில் காபி வடிதாள் விரித்து அதில் போடுங்கள். மேலே 100 மி.லி. தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கீழே 70 மி.லி. வந்திருந்தால் மண் பிடித்தது 30. வடிதாளும் கொஞ்சம் குடிக்கும், அதனால் வெறும் தாளில் ஒருமுறை ஊற்றி அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்தக் கழித்தலைச் செய்கிற பிள்ளை நடுவர் கண்ணில் உடனே பட்டுவிடும்.

செடியின் எடை என்றால் உலர்ந்த எடைதான் நம்பகமானது. பச்சை எடையில் பாதிக்கு மேல் தண்ணீர், காலையில் ஒன்று காட்டும் மத்தியானம் ஒன்று காட்டும். வேர் மண்ணை அலசிக் காகித உறையில் போட்டு, பெரியவர் துணையோடு ஓவனில் 60, 70 டிகிரியில் காயவையுங்கள். இரண்டு முறை நிறுத்தும் எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது. சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, ஒரு நாற்றை அதில் வைத்தால் பூஜ்யம்தான். ஒரு தட்டின் நாற்றுகளை மொத்தமாக நிறுத்து எண்ணிக்கையால் வகுங்கள்.

நோட்டுப் புத்தகம்

தைத்துக் கட்டிய நோட்டு ஒன்று, பேனாவால், தினமும் தேதியோடு. தாளைக் கிழிக்கக் கூடாது, தப்பை ஒரு கோடு போட்டு அடிக்கலாம். "ஜூன் 3, மண் 14 டிகிரி, முளை 0, தண்ணீர் 20, மேகமூட்டம்" என்று ஒரு வரி போதும். ஒன்றும் நடக்காத நாளிலும் அந்த வரி வேண்டும். குரங்கு வந்த நாளை மகள் அப்படியே எழுதி வைத்தாள், கவிழ்ந்த தட்டின் படத்தோடு. அந்தப் பக்கத்தில் மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. நடுவர் அதிக நேரம் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். அழகாகத் திருப்பி எழுதிய நோட்டு சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

கணக்கு

சராசரியை மட்டும் போடாமல், மிகக் குறைவு எது, மிக அதிகம் எது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். சராசரி 18 என்று இரண்டு தொட்டி வரிசை இருக்கும், ஒன்றில் எல்லாம் 17, 18, 19. இன்னொன்றில் 5, 18, 31. இரண்டும் ஒன்றாகுமா? பத்தாம் வகுப்புக்கு மேல் என்றால் இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் டி-சோதனையும் கற்றுக்கொள்ளலாம், எக்செல்லிலேயே வரும். வரைபடத்தின் செங்குத்துக் கோடு பூஜ்யத்தில் தொடங்கட்டும், அலகை எழுதுங்கள். கருதுகோள் பொய்த்துப்போனால் அப்படியே எழுதுங்கள், அதற்கு மதிப்பெண் குறையாது. எண்ணை மாற்றினால்தான் குறையும், அதுவும் மொத்தமாக.

போஸ்டர்

இதை நான் சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் நான் இதில் குற்றவாளி. முதல் வருஷம் ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து போஸ்டரை நானே செய்தேன், மினுமினுப்புத் தாளெல்லாம் ஒட்டி. அதிலிருந்த ஒரு சொல்லுக்கு மகளுக்கு அர்த்தம் தெரியவில்லை என்பது நடுவர் கேட்டபோதுதான் தெரிந்தது. கேள்வி, எப்படிச் செய்தோம், என்ன கிடைத்தது, அதற்கு என்ன அர்த்தம், இந்த நாலும் ஆறடி தள்ளி நின்றால் படிக்க முடிய வேண்டும், பிள்ளையின் சொற்களில். செடியையும் மண்ணையும் மேசைக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். ஐசெஃப் விதிப்படி உயிருள்ள செடி, மண் எதையும் காட்சிக்கு வைக்கக் கூடாது. படம் எடுத்து ஒட்டுங்கள், படத்தில் ஓர் அளவுகோலும் தெரியட்டும்.

நடுவர் வரும்போது

பெற்றோர் வெளியே. பிள்ளை தனியாக நிற்கும். மனப்பாடம் செய்த பேச்சை நடுவர் முதல் நிமிஷத்திலேயே நிறுத்திவிட்டுக் கேள்விக்கு வந்துவிடுவார். ஏன் வெண்டை, ஏன் 25 விதை, எது சரியாக வரவில்லை, மறுபடி செய்தால் எதை மாற்றுவாய், யார் உதவினார்கள். கடைசிக் கேள்விக்கு "அப்பா கம்பிவலை கட்டினார், பக்கத்து வீட்டு ஆயா எந்த மாசம் போடணும்னு சொன்னாங்க" என்று உள்ளதைச் சொன்னால் போதும். தெரியாததற்குத் "தெரியாது, இப்படிச் செய்து பார்த்தால் தெரியலாம்" என்று சொல்லப் பழக்குங்கள். இதற்கு ஒரே பயிற்சி, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ப்ராஜெக்டை விளக்கச் சொல்வது. விவசாயமே தெரியாத மாமா கேட்கும் கேள்விதான் மிகக் கடினமாக இருக்கும்.

அதே ப்ராஜெக்டை அடுத்த வருஷம் தொடர்ந்தால், போன வருஷம் என்ன செய்தது, இந்த வருஷம் எது புதிது என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். மகள் இரண்டாம் வருஷம் கறுப்புத் தாளையும் நாலு தட்டையும் புதியவை என்று எழுதினாள். 16 டிகிரிக்குக் கீழே இருந்த தட்டுகளில் வெண்டை ஏறக்குறைய முளைக்கவே இல்லை. வட்டாரப் போட்டியில் வெள்ளி கிடைத்தது. முந்தைய வருஷம் பள்ளியோடு சரி.

போட்டி நாளைக்குப் பையில் நோட்டு, படிவங்களின் நகல், இருபக்க டேப், கத்தரிக்கோல், தண்ணீர், தயிர்சாதம். பெரிய மண்டபத்தில் காலையிலிருந்து மத்தியானம்வரை நிற்க வேண்டியிருக்கும், பழகிய செருப்பு போட்டு அனுப்புங்கள்.